ரெண்டு பேருக்கு மட்டும்

மார்ச் 9, திங்கள்

இன்று கடையில் ஒரு மூக்குக்கண்ணாடி லென்ஸை உடைத்தேன். யாரோ ஒரு அம்மாளுக்கான இடது கண். ஓரம் தேய்க்கும் மெஷினில் வைத்து, கடைசிச் சுற்றில் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டேன். முதலாளி முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் அழுத்தியது லென்ஸை இல்லை, காலையில் வந்த கடிதத்தை என்று.

குடும்ப நீதிமன்ற ஆலோசகரின் கடிதம். ஏப்ரல் 11 முதல் பதினைந்து நாள் என் மகள் வாலு தன் அம்மாவோடு இருக்க வேண்டும். அம்மாக்காரியே வந்து ரயிலில் கூட்டிப் போவாள். மே 4 அன்று மூன்று பேரும் ஆலோசகர் முன்னால் வர வேண்டும். அடுத்த வருடம் யாரோடு இருக்க விருப்பம் என்று ‘குழந்தையிடமே நேரடியாகக் கேட்கப்படும்’.

கேட்கட்டும். இரண்டு வருடமாகத் தலை பின்னிவிட்டது யார், ஜுரத்துக்கு ஈரத்துணி போட்டது யார், ஷூவுக்குப் பாலிஷ் போட்டது யார், அதையெல்லாம் யாராவது நேரடியாகக் கேட்டால் தேவலை.

மார்ச் 10, செவ்வாய்

கோபம் இறங்கவில்லை. இரண்டு டீ குடித்தேன். அதுவும் இறங்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

வாலுவின் பள்ளி டைரியில் டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறார்: ‘வகுப்பில் பக்கத்துப் பெண்ணோடு ஓயாத பேச்சு. கண்டிக்கவும்.’ கண்டித்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். என் ஜாதிதான், கோபம் வந்தால் வாய் மூடிவிடும்.

சமாதானத்துக்காகப் பிறந்தநாள் பேச்சை எடுத்தேன். ஏப்ரல் 12 அவளுக்குப் பத்து முடிகிறது. இந்த வருடம் அன்றைக்கு அவள் இங்கே இருக்க மாட்டாள்.

“என்ன வேணும் சொல்லு.”

“ரெண்டு பேர் விளையாடற மாதிரி ஏதாவது. சின்னதா, ரயில்ல எடுத்துட்டுப் போற மாதிரி.”

“ரெண்டு பேர்னா?”

“நானும் அம்மாவும்.”

நான் அவள் ஜடையில் ரப்பர் பேண்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அது அறுந்துபோனது.

“போன தடவை அம்மா, சாப்டியா, நல்லாப் படிக்கிறியா, ஃபிரெண்ட்ஸ் இருக்காங்களான்னு கேட்டாங்க. நான் ம், ம், ம்னு சொன்னேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வரலப்பா. பதினோரு மணி நேரம். ஜன்னலையே பாத்துட்டு இருந்தோம்.”

“சரி, என்ன விளையாட்டு?”

“வார்த்தை கண்டுபிடிக்கிறது. ஒருத்தர் மனசுல நெனச்சுக்கணும். இன்னொருத்தர் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கணும். அப்ப பேசித்தானே ஆகணும்?”

பேசித்தானே ஆகணும். பத்து வயசுக் கழுதை.

எனக்கு ஆத்திரம் யார் மேல் என்றே தெரியவில்லை. இவளை விட்டுவிட்டுப் போனவளிடம் பேச இவளுக்கு வார்த்தை வரவில்லையாம். அதற்கு நான் கடை கடையாகப் போய் வார்த்தை வாங்கித் தர வேண்டுமாம்.

மார்ச் 15, ஞாயிறு

வாங்கிவிட்டேன். ஒரு சின்னப் பெட்டி. உள்ளே பதினைந்து எண் கட்டைகள், ஒரு காலியிடம். நகர்த்தி நகர்த்தி வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். பாக்கெட்டில் போகும். ரயிலுக்கு நல்லது.

ஒருவர் மட்டும் ஆடுவது. தெரிந்தேதான் வாங்கினேன். பதினோரு மணி நேரமும் இவள் குனிந்து கட்டையை நகர்த்திக்கொண்டிருக்கட்டும். அவள் எதிரே உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கட்டும். மே 4 அன்று கேட்கும்போது வாலுவுக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வரட்டும்.

எழுதிவிட்டுப் படித்தால் நன்றாக இல்லை. ஆனாலும் எழுதியது எழுதியதுதான்.

மார்ச் 16, திங்கள்

தங்கச்சி அடுத்த தெருவில் இருக்கிறாள். நான் கடையிலிருந்து வரும்வரை வாலுவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். என் பையில் பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

“இது ஒருத்தர் ஆடறதாச்சே?”

“ரெண்டு பேர் ஆடறது கடையில இல்ல.”

“அண்ணா, பொய் சொல்றதுன்னா மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுச் சொல்லு.”

நான் கத்தினேன். உனக்கென்ன தெரியும், அவ போனது உனக்கு விளையாட்டா இருக்கு, நீ அவளுக்கு வக்காலத்தா என்று வாய்க்கு வந்ததெல்லாம். அவள் காய்கறி நறுக்குவதை நிறுத்தவே இல்லை. முடிந்ததும் சொன்னாள்: “ஒண்ணுமே வாங்கித் தரலைன்னா குழந்தை அழுவா, மறந்துடுவா. இதை வாங்கித் தந்தா என்னிக்காவது புரிஞ்சுக்குவா. அது தேவையா உனக்கு?”

எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். நல்ல பசி.

மார்ச் 18, புதன்

திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று கடைக்காரர் கேட்டார். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்று கடை. கால் விட்டுப்போனது.

முதல் கடையில் எல்லாமே பெட்டி பெட்டியாக, சூட்கேஸ் அளவுக்கு. நான்கிலிருந்து எட்டுப் பேர் வரை ஆடலாம் என்று போட்டிருக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்து உட்காரும் வீட்டுக்கு எதற்கு விளையாட்டுச் சாமான்? சண்டையே போதுமே.

இரண்டாவது கடையில் கிட்டத்தட்ட அகப்பட்டது. புத்தகம் மாதிரி மடிகிற பெட்டி. உள்ளே எழுத்துக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டிக் கதவுகள். கேட்ட எழுத்தின் கதவைச் சாத்திவிடலாம். சாத்தும்போது டிக் டிக் என்று அருமையான சத்தம். ஆனால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து.

“தமிழ்ல இருக்காம்மா?”

கடைக்கார அம்மா யோசித்தார். “இருபத்தாறு எழுத்துக்கு இருபத்தாறு கதவு வச்சிட்டான் சார். தமிழுக்கு வைக்கணும்னா பெட்டி பத்தாது, பீரோதான் செய்யணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. “இங்கிலீஷ் வந்தா நல்லதுதானே, பிள்ளைக்கு” என்றார். நல்லதுதான். ஆனால் இந்தப் பிள்ளை தன் அம்மாவிடம் பேச வேண்டியது தமிழில்.

மூன்றாவது கடையில் எழுத்துக் கட்டைகள், சுண்டுவிரல் நகம் அளவு. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கினால் அத்தனையும் சீட்டுக்கு அடியில். என் மகள் தவழ்ந்து பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

யாருக்காக இப்படி அலைகிறேன்? எனக்குத் துரோகம் செய்தவள் சௌகரியமாகப் பேசிக்கொண்டு போக. நல்ல ஆள்தான் நான்.

மார்ச் 24, செவ்வாய்

ஸ்குரூ அண்ணனிடம் சொல்லிப் புலம்பினேன். எங்கள் கடையில் பிரேம் சரிசெய்பவர் அவர். முப்பது வருடமாகக் கழன்ற ஸ்குரூவை முடுக்கி முடுக்கி அதுவே பெயராகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு லென்ஸ் உறையை எடுத்துப் பின்பக்கத்தில் மூன்று கோடு போட்டார்.

“நான் ஒண்ணு நெனச்சிருக்கேன். மூணெழுத்து. கேளு.”

கேட்டேன். ம இல்லை. ப இல்லை. த வரிசையே இல்லை. டிபன் பாக்ஸ் மூடும்வரை கேட்டுத் தோற்றேன்.

“என் பேருடா” என்றார். “ஸ், கு, ரூ.”

அது தமிழே இல்லை என்று சண்டை போட்டேன். பெயருக்கு என்ன மொழி என்றார். முதலாளி உள்ளே வந்து, என்ன இங்கே கூச்சல், கஸ்டமர் இருக்காங்க என்றார். அப்போதுதான் கவனித்தேன், ஆட்டத்துக்குக் கதவும் வேண்டாம், கட்டையும் வேண்டாம். எழுதி அழிக்க ஏதாவது இருந்தால் போதும்.

மார்ச் 27, வெள்ளி

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நோட்டுப் புத்தகக் கடை. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு வெள்ளைச் சிலேட்டு. இரண்டு பேனா, மூடியிலேயே அழிக்கிற துணி. தப்பை எண்ண, கம்பியில் கோத்த பத்து மணி. ஒரு தப்புக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். எல்லாம் ஒன்றாக மடிந்து ஒரு துணி உறைக்குள் போய்விடுகிறது. சிலேட்டின் முனை கையைக் கிழிக்குமா என்று விரலை ஓட்டிப் பார்த்தேன். மணியை இழுத்துப் பார்த்தேன், கழன்று வரவில்லை. எழுதி, அழித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தடம் இல்லை. கடைக்காரர், “லேப்ல வேலை பாக்கறீங்களா?” என்று கேட்டார்.

உறையின் மேல் அச்சடித்திருக்கிறது: சொல் கண்டுபிடிக்கும் ஆட்டம், இரண்டு பேருக்கு மட்டும்.

அந்த ‘மட்டும்’ சுருக்கென்று தைத்தது. கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, பஸ்ஸை விட்டுவிட்டு, திரும்பப் போய் வாங்கினேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஒளித்து வைத்தால் இவளிடம் நடக்குமா? காலையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். “சரியா இருக்கான்னு பாக்கணும்ல? ஒரே ஒரு ஆட்டம்” என்றாள்.

மூன்று மணி நேரம் ஆடினோம். தரையில், வெறும் வயிற்றோடு.

முதலில் சட்டச் சிக்கல். க கேட்டால் கா வருமா வராதா? புள்ளி வைத்த எழுத்து தனியா? நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, கடைசியில் அவளே தீர்ப்புச் சொன்னாள்: முதலில் ‘க வரிசை இருக்கா’ என்று கேட்க வேண்டும். இருந்தால் அப்புறம் எந்தக் க என்று கேட்க வேண்டும். வரிசை தப்பானால் ஒரு மணி. எழுத்து தப்பானால் மணி இல்லை, முறைப்பு மட்டும்.

அவள் வைத்ததெல்லாம் நான்கெழுத்து. விக்கல். தும்மல். கொட்டாவி. மூன்றையும் கண்டுபிடித்துவிட்டேன். நான்காவதற்குப் பத்து மணியும் போயிற்று. “அதுவும் உடம்புலேருந்து வர்ற சத்தம்தாம்பா” என்று துப்புக் கொடுத்தாள். அப்போதும் வரவில்லை. குறட்டை. “உனக்கு எப்படித் தெரியும், நீ தூங்கிட்டுல்ல இருப்பே” என்று உருண்டு உருண்டு சிரித்தாள்.

எதிரே உட்காருடி, அதுதான் ஆட்டம் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. நான் கோடு போட்டதும் எழுந்து வந்து என் தோளில் சாய்ந்துகொள்வாள். இங்கதான் நல்லா இருக்கு என்பாள். இவ்வளவு ஒட்டுதலாக அவள் இருந்து வெகு நாளாயிற்று.

இந்த மூன்று மணி நேரத்தைத்தான் உறை போட்டு அவள் அம்மாவுக்கு அனுப்பப்போகிறேன். என் கையாலேயே.

ஏப்ரல் 2, வியாழன்

வாலுவின் அம்மா போன் செய்தாள். ரயில் நேரம் சொல்ல. சொல்லிவிட்டு வைக்க வேண்டியதுதானே?

“அவளுக்கு இப்ப என்ன பிடிக்குது?”

“பெத்தவளுக்குத் தெரியாதா?” என்றேன். வைத்துவிட்டேன்.

நன்றாகத்தான் வாயில் வந்தது அது. அரை மணி நேரம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் இல்லை.

ஆலோசகர் முதல் தடவை கேட்டது நினைவுக்கு வருகிறது: கடைசியா ரெண்டு பேரும் எப்ப பேசினீங்க? அவளுக்கு இப்போது இருக்கிற ஊரின் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் வேலை கிடைத்தபோது, வாங்க, மூணு பேரும் போகலாம் என்றுதான் சொன்னாள். நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. எட்டு மாதம், ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு. துரோகம் என்று நான் எழுதுவது அதற்குப் பிறகு அவள் தனியாகக் கிளம்பிப் போனதை.

இதை ஆலோசகரிடம் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன். எழுதியதும் அவள் மேல் கோபம் குறைந்துவிடும் என்று யாராவது நினைத்தால், குறையவில்லை.

ஏப்ரல் 11, சனி

போனார்கள்.

அம்மாக்காரி தலைமுடியை வெட்டியிருக்கிறாள். கேட்கவில்லை. என்னைப் பார்த்து, “மெலிஞ்சிட்டீங்க” என்றாள். நான் வாலுவின் பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். வாலு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ரயில் கிளம்பும் நேரத்தில் துணி உறையை வாலுவின் கையில் கொடுத்தேன். பிறந்தநாள் நாளைக்குத்தான், ஆனால் இன்றைக்குத்தான் தேவை. ஜன்னல் கம்பி வழியாக அவளிடமே சொன்னேன், வாலுவிடம் இல்லை, அவளிடம்:

“க வரிசை இருக்கான்னு முதல்ல கேக்கணும். சட்டமெல்லாம் அவகிட்ட இருக்கு. விட்டுக்குடுத்து ஆடாத, கண்டுபிடிச்சிடுவா.”

“சரி” என்றாள்.

இரண்டு வருடத்தில் அவளிடம் நான் சேர்ந்தாற்போல் பேசியது இவ்வளவுதான். அதுவும் என் தோல்விக்கு நானே வழி சொல்லிக்கொடுத்த மாதிரி.

ஏப்ரல் 12, ஞாயிறு

பத்து வயது. போனில் பேசினாள். “அம்மா சூப்பரா ஆடறாங்கப்பா” என்றாள். சந்தோஷம் என்றேன். சுவரைக் குத்தலாம் போலிருந்தது.

ஏப்ரல் 13, திங்கள்

மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. அவள்தான்.

“அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை.

“ரயில்ல எதிரெதிர் சீட்டு. நான் எழுதினா அவளால அங்கேருந்து படிக்க முடியல. எழுந்து எழுந்து என் பக்கத்துல வந்தா. முதல்ல ஆசையா வர்றான்னு நெனச்சேன். என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. எனக்கு அழுகையே வந்துச்சு.” என்றாள். “அப்புறம் ஒரு தடவை எழுத்தைப் பெருசா எழுதினேன். அப்ப வரல. எதிர்லயே உட்கார்ந்து சொல்லிட்டா. திரும்பச் சின்னதா எழுதினேன். எழுந்து வந்தா. நாலு தடவை மாத்தி மாத்திப் பாத்தேன்.”

நான் மெஷினை நிறுத்தினேன்.

“ஸ்கூல்ல போர்டே தெரியறதில்லையாம். பக்கத்துப் பொண்ணுகிட்ட என்ன எழுதியிருக்குன்னு கேட்டுக் கேட்டு எழுதுவாளாம். அதுக்குத் திட்டு வேற வாங்கினாளாம்.” அப்புறம், “நீங்க கண்ணாடிக் கடைலதானே…” என்று ஆரம்பித்தாள்.

முடிக்க விடவில்லை. வைத்துவிட்டேன்.

என் தலைக்கு மேல், சுவரில், கண் பரிசோதனை அட்டை தொங்குகிறது. செவ்வாயும் வெள்ளியும் கண் டாக்டரம்மா இங்கேயே உட்கார்ந்திருப்பார். வாலு நூறு தடவை இந்தக் கடைக்கு வந்திருக்கிறாள். ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றிருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த அட்டையைப் படி என்று நான் சொன்னதில்லை. ஊரிலிருக்கிற கிழவர் கிழவி எல்லாருக்கும் கண் தேய்த்துக் கொடுக்கிறேன். என் பொண்ணு என் தோள்ல வந்து சாயறா, நான் பூரிச்சுப் போய் உட்கார்ந்திருக்கேன். முட்டாள். வடிகட்டின முட்டாள். கண்டிக்கவும்னு டீச்சர் எழுதினா கண்டிச்சேனே.

இதை அவ கண்டுபிடிச்சாளேங்கிறதுதான் தாங்க முடியல. ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிட்டா.

ஏப்ரல் 15, புதன்

நானே கூப்பிட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பவர் என்ன என்று கேட்டேன். அவள் ஆஸ்பத்திரியிலேயே காட்டியிருக்கிறாள். வலது மைனஸ் ஒன்றே முக்கால், இடது மைனஸ் இரண்டு.

“இங்கயே போட்டுடவா?” என்றாள்.

“வேண்டாம். நான் செய்யறேன். ரெண்டு கண்மணிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அளந்து சொல்லு. ஸ்கேலை நெத்தில வச்சு…”

“தெரியும். அளந்துட்டேன். அம்பத்தி நாலு மில்லி. மூணு தடவை அளந்தேன்.”

நான் கேட்பேன் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

ஏப்ரல் 17, வெள்ளி

முதலாளியிடம் கேட்டு, காலையில் மற்ற வேலை தொடங்கும் முன் செய்தேன். சின்ன லென்ஸ். இடது கண்ணை மூன்று முறை அளந்துவிட்டு மெஷினில் வைத்தேன். ஸ்குரூ அண்ணன் கறுப்புப் பிரேம் எடுத்துக் கொடுத்து, காதுப் பக்கம் வளைத்து, ஒவ்வொரு ஸ்குரூவையும் இரண்டு தடவை முடுக்கினார். “இதுல ஏதாவது கழண்டா என் பேரை மாத்திக்கிறேன்” என்றார்.

கூரியரில் அனுப்பினேன். பெட்டிக்குள் ஏதாவது எழுதி வைக்கலாமா என்று பார்த்தேன். துடைக்கிற துணியை மட்டும் வைத்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வந்துவிட்டாள். அம்மாக்காரியே கொண்டுவந்து விட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிப் போனாள்.

வாலுவுக்குக் கண்ணாடி நன்றாகவே பொருந்துகிறது. வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னாள்:

“நீ என்னைப் பாக்கறதுக்கு முன்னாடியே நான் உன்னைப் பாத்துட்டேம்பா. ரயில் நிக்கறதுக்கு முன்னாடியே.”

“அப்படியா?”

“கோவமா நின்னுட்டு இருந்தே. நாங்க இறங்கி வந்ததும் மூஞ்சியை மாத்திக்கிட்டே.” இரண்டு அடி நடந்தாள். “தூரத்துல இருக்கும்போது எப்பவும் அப்படித்தான் இருப்பியா?”

வெயில் கண்ணில் பட்டது என்று சொன்னேன். அவள் ம் என்றாள்.

மே 4, திங்கள்

ஆலோசகரின் அறை. பச்சை மேஜை, மூன்று நாற்காலி, கறகறவென்று சுற்றும் மின்விசிறி. எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே கேட்டார். தனியாகக் கேட்கலாமே என்று ஆலோசகரே சொன்னதற்கு, “இவங்க முன்னாடியே சொல்றேன், அப்புறம் நான் சொன்னேனா சொல்லலையான்னு சண்டை வேண்டாம்” என்றாள் வாலு.

“ஒரு வருஷம் அம்மாகூட இருக்கேன். அப்பாவை எனக்குத் தெரியும். அம்மாவை இப்பத்தான் தெரிய ஆரம்பிச்சிருக்கு.”

அவள் அழுதாள், அம்மாக்காரி. ஜெயித்தவள் அழுதால் பார்க்கச் சகிக்காது. நான் கையெழுத்துப் போட்டேன். ஒரே கோட்டில், நன்றாக விழுந்தது.

மே 5, செவ்வாய்

லீவு போட்டேன். இந்த மாதிரி நாளில் மெஷினைத் தொடக் கூடாது.

அந்தப் பதினைந்து எண் கட்டையை வாங்கிக் கொடுத்திருந்தால்? கொடுத்திருந்தால் இங்கேயே இருந்திருப்பாள். போர்டு தெரியாமல், பக்கத்துப் பெண்ணைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு, என்னோடு.

காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பதில் ஒன்றுதான் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கோபமும் வருகிறது.

ஜூன் 7, ஞாயிறு

இரண்டு பெட்டி, ஒரு பை. நான் பின்னிய ஜடையோடு போனாள். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வந்தது இன்றைக்குத்தான்.

தங்கச்சி சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டுப் போனாள். அவளையும் ஏதோ சொல்லிக் கத்தினேன்.

ஜூலை 12, ஞாயிறு

ஞாயிறுதோறும் போன். சாப்டியா, படிக்கிறியா. ம். ம். இன்று பாதியில் எனக்கே காது கூசியது. “நாலெழுத்து” என்றேன். “எங்கேருந்து வருது?” என்றாள். பதினெட்டு நிமிடம் பேசினோம்.

செப்டம்பர் 19, சனி

வேலை நேரத்தில் போன். வாலுவின் அம்மா.

“ஸ்கூல்ல ஓடும்போது விழுந்துட்டா. அவளுக்கு ஒண்ணுமில்ல. பிரேம் ரெண்டாப் போச்சு. இங்கயே ஒரு கடைல புதுசாப் போடச் சொல்லிட்டேன்.”

“யாரைக் கேட்டுச் சொன்னே?”

“பொண்ணு கண்ணு தெரியாம உட்கார்ந்திருக்கா. யாரைக் கேக்கணும்?”

“கண்மணித் தூரம் அளந்தானா? வளர்ற குழந்தை, பழைய அளவு ஆகாது.”

“மெஷின்ல அளந்தாங்க.”

“எந்த மெஷின்? அம்பத்தி அஞ்சா, அம்பத்தி ஆறா? பிரேம் என்ன பிரேம்?”

“ரோஸ் கலர். அவ கேட்டா.”

“கலரை யாரு கேட்டா? மூக்குல உக்காருமா? ஓடற பொண்ணுக்கு…”

“உங்களுக்கு நீங்க ஒருத்தர்தான் கண்ணாடி செய்யத் தெரிஞ்சவரு. மத்தவங்க எல்லாம் முட்டாளு.”

“நான் எப்ப அப்படிச் சொன்னேன்?”

“சொல்லித்தான் தெரியணுமா? நீங்க எதைத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்கீங்க?”

“இப்ப சொல்லிட்டுத்தானே இருக்கேன்?”

“சொல்லல. கத்தறீங்க.”

“நீ மட்டும் என்னவாம்?”

பின்னாலிருந்து வாலுவின் குரல் கேட்டது: “ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாக் கத்துங்க. எனக்கு நாளன்னிக்குப் பரீட்சை.”

இரண்டு பேரும் நிறுத்தினோம். போனை நானும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. பிரேம், லென்ஸின் கனம், அந்தக் கடைக்காரன், பள்ளிக்கூடத்துக்குத் தோதான செருப்பு என்று மறுபடி கொஞ்சம் மெதுவாகக் கத்தினோம். வைத்த பிறகு பார்த்தேன், இருபத்து மூன்று நிமிடம். ஸ்குரூ அண்ணன் என்னைப் பார்க்காத மாதிரி ஒரே ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளி சாயங்காலம், அவர்கள் ஊருக்கு ரயில். டிக்கெட் எடுத்தாயிற்று. ஸ்டேஷனுக்கு அவளே வருவதாகச் சொன்னாள்; வழி தெரியாமல் யாரையும் கேட்காமல் சுற்றிக்கொண்டிருப்பேனாம். அளவுகோல், சின்ன ஸ்குரூ டிரைவர், ரோஸ் நிறத்தில் மூன்று பிரேம், பைக்குள் வைத்துவிட்டேன். அந்தக் கடைக்காரனை ஒரு கை பார்க்காமல் திரும்பப்போவதில்லை.